கைதட்டல் எவ்வளவு நேரம்

டுலூத்தில் அக்டோபர் பிறந்தால்
ஏரிக்குப் பித்துப் பிடிக்கும்.
அலை சாலைவரை ஏறி வந்து
தேர்தல் பலகைகளை நனைத்துவிட்டுப் போகும்,
நீலமா சிவப்பா என்று பார்க்காமல்.

நான் நிலவறையில் இருக்கிறேன்.
துவைக்கும் இயந்திரத்துக்கும் ஹீட்டருக்கும் நடுவே
ஒரு மேசை, காதில் ஹெட்போன்,
விரலடியில் இருபத்திரண்டு விசைகள்.
செய்தி வாசிப்பவர் வாய் திறந்த மூன்றாம் நொடி
திரையின் அடியில் ஓடுகிறதே எழுத்து,
அது நான்.

காது கேளாதவர்களுக்காக என்றுதான் சம்பளம்.
ஆனால் மதுக்கடையில் சத்தத்துக்கு நடுவே இருப்பவர்களும்
பல் மருத்துவர் வாசலில்
தாடையைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களும்
என்னைத்தான் படிக்கிறார்கள்.

இந்தத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு:
அடிக்கடி வரும் பெயருக்கு ஒரே அடி.
ஆளுநருக்கு இடக்கையில் மூன்று விரல்.
செனட்டருக்கு வலக்கையில் இரண்டு, கூடக் கட்டைவிரல்.
சேர்த்துத் தட்டினால் போதும்,
பெயரும் பதவியும் முழுதாக வந்து விழும்.
"மக்களுக்குத் தெரியும்" ஒரே அடி.
"என் எதிராளி" ஒரே அடி.
"உழைக்கும் குடும்பங்கள்" என்பதைத் தூக்கத்திலும் அடிக்கிறேனாம்,
போர்வை மேல்.
என் கணவர் லொயல் சொல்கிறார்.

போன மாதம் ஓர் அஞ்சலட்டை,
நிறுவனத்துக்குப் போய்ச் சுற்றி வந்தது.
டூ ஹார்பர்ஸிலிருந்து ஆர்வித் நீமெலா.
தாதுக் கப்பல் துறையில் முப்பத்தொரு வருஷம்,
செவியை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்.
"கைதட்டல் என்று போடுகிறீர்கள்.
எவ்வளவு நேரம் என்று போடுவதில்லை.
இருவருக்கும் ஒரே அளவுதான் என்கிறாள் என் மனைவி.
அவள் ஏற்கெனவே ஒருவர் பக்கம்.
அதனால்தான் உங்களைக் கேட்கிறேன்."

சிரித்துவிட்டு
ஹீட்டர் மேல் வைத்தேன்.
விதிப் புத்தகத்தில் கைதட்டலுக்கு நீளம் கிடையாது.

நேற்று ஒன்பது மணிக்கு,
விவாதத்துக்கும் கருத்துக்கணிப்புக்கும் இடையில்,
உலகத்துக்குப் பதினாறு நொடி கிடைத்தது.
எங்கோ ஓர் ஆறு அணையை உடைத்திருக்கிறது.
ஊரின் பெயர் தஸ்குரான்.
என் அகராதியில் அந்த ஊர் இல்லை.
இயந்திரம் தனக்குத் தெரிந்த சொற்களை ஒட்டிப் பார்த்தது:
"நீ ஓடிய வேலை என்ற ஊரில்
நாற்பது பேரைக் காணவில்லை."

எழுத்தெழுத்தாக அடித்திருக்க வேண்டும்.
எட்டு எழுத்து, எட்டு அடி.
ஐந்தாவதில் இருந்தபோது வானிலை வந்துவிட்டது.
வானிலைக்குப் பின்னால் ஆளுநரின் கழுத்துப்பட்டை,
அதன் நிறம் எதைக் குறிக்கிறது என்று
நான்கு பேர், ஆறு நிமிடம்.
ஒன்றையும் விடாமல் எழுதினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்.
முழங்கால் நீரில் நின்ற செய்தியாளர் மூச்சு வாங்கிய இடத்தில்
பின்னால் ஒரு பெண் யாரையோ கூப்பிட்டாள்.
ஒரே பெயர், நான்கு முறை.
எனக்குக் கேட்டது.
திரையில் அந்த இடம் வெறுமையாக ஓடியது.

வேலை முடிந்ததும் அகராதியைத் திறந்தேன்.
தஸ்குரான், இரண்டு கையும் சேர்த்து ஒரே அடி.
சேமித்துவிட்டேன்.
இனிமேல் அந்த ஊர்
செய்தியில் வரப்போவதில்லை என்று
தெரிந்துதான் சேமித்தேன்.

பிறகு ஒளிப்பதிவை ஓட்டி,
சமையலறைக் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு,
நீமெலாவுக்கு எழுதினேன்:
"ஆளுநருக்குப் பதினொரு நொடி.
செனட்டருக்கும் பதினொன்று.
உங்கள் மனைவியிடம் மன்னிப்புக் கேளுங்கள்.
தஸ்குரானில் ஒருத்தி நான்கு முறை கூப்பிட்டாள்.
ஐந்தாவதற்கு முன் வெட்டிவிட்டார்கள்.
பதில் வந்ததா என்று
எனக்கும் கேட்கவில்லை."

விடியலில் லொயல் என் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பினார்.
"இரண்டு கையாலும் புதிதாக என்னவோ அடிக்கிறாயே,
அது எந்த வேட்பாளர்?"